வைஃபை பாதுகாப்பு கற்க: ஒரு பழைய ரௌட்டர், சரியான அடாப்டர், கையெழுத்திட்ட கடிதம்

வைஃபை பாதுகாப்பு என்று யூட்யூபில் தேடினால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் காணொளிகள்தான் வந்து விழும். "பக்கத்து வீட்டு வைஃபையை இரண்டே நிமிடத்தில்" வகையறா. அவற்றை நம்பி இறங்கினால் எந்த அடாப்டர் வாங்குவது என்ற குழப்பத்திலேயே முதல் மாதம் போய்விடும், கூடவே பணமும். அந்த அலைச்சலை நானும் பட்டுத்தான் வந்தேன். உங்களுக்கு அது வேண்டாம்.

இது யாருக்கு? கல்லூரியில் நெட்வொர்க்கிங் படிப்பவர்களுக்கு. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று அலுவலக ரௌட்டரும் தலையில் கட்டப்பட்டவர்களுக்கு. வீட்டு இணைப்பையாவது ஒழுங்காகப் பூட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. லினக்ஸில் நாலு கட்டளை அடிக்கத் தெரிந்தால் போதும். செலவு சுமார் ₹1,500 முதல் ₹5,000 வரை. வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மூன்று மாதத்தில் ஒரு சின்ன அலுவலகத்தின் வைஃபையைப் பொறுப்பேற்றுப் பாதுகாக்கும் அளவுக்கு வந்துவிடலாம்.

1. முதலில் கையெழுத்து, பிறகு கருவி

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் ஒரு கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. இழப்பீடு கட்ட வேண்டிவரும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு வருகிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா கத்துக்கத்தான் சார் பண்ணேன்" என்று நோக்கத்தை விளக்கும் வேலையைக் காவல் நிலையத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் காசில் வாங்கிய, உங்கள் மேசை மேல் இருக்கும் ரௌட்டருக்கு யார் அனுமதியும் வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். வீட்டு ஓனர் பகிர்ந்துகொள்ளும் வைஃபை, மேன்ஷன் வைஃபை, ஹாஸ்டல் வைஃபை, மாமா கடை வைஃபை எதற்கும் விலக்கில்லை. வார்டன் வாய்வார்த்தையாகச் சொன்ன "சரிப்பா" நாளைக்கு உதவாது.

கடிதம் ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை: நெட்வொர்க்கின் பெயர், ரௌட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் மேக் முகவரி (ஒவ்வொரு வைஃபை சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்), சோதனை நடக்கும் தேதியும் நேரமும், என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், பிடித்த தரவை எப்போது அழிப்பீர்கள், பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது, உரிமையாளரின் கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபைபர் இணைப்போடு வரும் ஓஎன்டி (ஃபைபர் கம்பி வந்து சேரும் மோடம்) பெட்டி பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனத்தின் சொத்து. உங்கள் வீட்டில் இருப்பதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. அதன் மேல் தாக்குதல் சோதனை எதுவும் வேண்டாம். அதற்குத்தான் பழைய ரௌட்டர் வாங்கச் சொல்கிறேன்.

2. சாமான் வாங்குவது: பணம் வீணாகும் இடம் இதுதான்

உங்களுக்கு வேண்டியது "மானிட்டர் மோடு" உள்ள வைஃபை அடாப்டர். சாதாரணமாக ஒரு வைஃபை கார்டு தனக்கு வரும் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். மானிட்டர் மோடில் காற்றில் போவது அத்தனையும் காட்டும். எல்லா அடாப்டரும் இதைச் செய்யாது. உள்ளே இருக்கும் சிப்பும், லினக்ஸில் அதற்கு இருக்கும் டிரைவரும்தான் அதைத் தீர்மானிக்கும். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய ஆன்டெனா படம் போட்டிருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் விஷயத்தில். பழைய காணொளிகள் எல்லாம் இதைத்தான் வாங்கச் சொல்லும். அவை சொல்வது முதல் பதிப்பை. அதில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, செருகியதும் வேலை செய்தது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் சிப். பெயர் அதே, தோற்றமும் ஏறக்குறைய அதே, ஆனால் மானிட்டர் மோடுக்குத் தனியாக ஒரு டிரைவரைத் தேடி, கம்பைல் செய்து, கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். கடையில் கேட்கும்போது மாடல் பெயரோடு நிறுத்தாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் "வெர்" என்று எந்த எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆன்லைனில் படம் ஒரு பதிப்பு, வீட்டுக்கு வருவது வேறு பதிப்பு என்பது சகஜம். திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

என் பரிந்துரை இது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதும் என்றால் ஏஆர்9271 சிப் உள்ள எதுவும் சரி. பெயர் தெரியாத பிராண்டாக இருந்தால் சுமார் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளது. அதற்கு டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஆல்ஃபா தயாரிப்புகளில் இந்தச் சிப் கிடைக்கும், விலை சில ஆயிரம். முதல் மாதத்துக்கு விலை குறைந்ததே போதும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. உங்கள் லேப்டாப்பில் இன்டெல் வைஃபை கார்டு இருந்தால், 16 ஜிபி பென்டிரைவில், பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். பல இன்டெல் கார்டுகள் மானிட்டர் மோடுக்கு வந்துவிடும். பார்த்துப் பழகும் கட்டத்துக்கு அதுவே போதும், காசு மிச்சம்.

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) காளி போட்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "வைஃபை கார்டே தெரியவில்லையே?" தெரியாது. விர்ச்சுவல் கணினிக்கு உங்கள் உள் வைஃபை கார்டு ஒரு கம்பி இணைப்பாகத்தான் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸில்தான் வேலை செய்வேன் என்றால் யூஎஸ்பி அடாப்டர் கட்டாயம்; அதை மெனுவிலிருந்து விர்ச்சுவல் கணினிக்குக் கைமாற்றவும் வேண்டும். நிறுவி முடித்த நிலையில் தரவிறக்கக் கிடைக்கும் காளியின் ஆயத்தப் படிமங்களில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே "காளி"தான். பாதுகாப்பு கற்க வந்த இடத்தில் அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

ரௌட்டர்: பழசு ஒன்று. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இல்லையென்றால் ஃபைபர் வந்த பிறகு பரணுக்குப் போன ரௌட்டர் உறவினர் வீட்டில் எங்காவது இருக்கும். முடிந்தால் ஓபன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான இலவச லினக்ஸ்) ஏற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். அந்தத் திட்டத்தின் வன்பொருள் அட்டவணையில் மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ளவற்றைத் தொடாதீர்கள், புதிய பதிப்புகள் அவற்றில் ஓடாது.

ஆண்ட்ராய்டில் "வைஃபை பாஸ்வேர்ட் ஹேக்கர்" என்று வரும் ஆப்களில் இருப்பது விளம்பரம். சில சமயம் அதைவிட மோசமானது.

3. சோதனை நெட்வொர்க்கைத் தனியாக நிறுத்துங்கள்

அரை நாள் வேலை. பழைய ரௌட்டரை ரீசெட் செய்து, இணையக் கம்பி எதையும் செருகாமல் ஓட விடுங்கள். உங்கள் சோதனைக்கு இணையம் தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள், 2.4 மட்டும் பேசும் அடாப்டரை வைத்துக்கொண்டு, ஃபோன் 5-இல் போய் உட்கார்ந்திருப்பது தெரியாமல் மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. சேனலை, அதாவது ரௌட்டர் பேசும் அலைவரிசைத் துண்டை, 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் நிலையாக வையுங்கள். அனுப்பும் திறனைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது மரியாதை சம்பந்தப்பட்டதும்கூட.

4. மூன்று வாரம் வெறுமனே பாருங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்க ஆசைப்படும் கட்டம் இது. தாண்டாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இங்கே பார்த்ததை வைத்துத்தான் புரியும்.

காளியிலேயே இருக்கும் ஏர்கிராக் என்ற வைஃபை சோதனைக் கருவித் தொகுப்பைக் கொண்டு அடாப்டரை மானிட்டர் மோடுக்கு மாற்றுங்கள். அது குறுக்கே நிற்கும் சேவைகளைப் பட்டியலிட்டு, அவற்றை நிறுத்தச் சொல்லும். நிறுத்தினால் நெட்வொர்க் மேனேஜரும் சேர்ந்து நின்றுவிடும், உங்கள் இணையம் போகும். கணினி கெட்டுவிட்டது என்று பதறி மறுபடி நிறுவ வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தச் சேவையைத் திரும்பத் தொடங்கினால் எல்லாம் வந்துவிடும். படிக்க வேண்டிய பக்கங்களை முன்னாலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள், அல்லது ஃபோனில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் சோதனை ரௌட்டரின் சேனலில் மட்டும் நின்று பிடியுங்கள். சேனல் குறிப்பிடாவிட்டால் கருவி தாவிக்கொண்டே இருக்கும், வேண்டிய நொடியில் வேறு சேனலில் இருக்கும். பிடித்ததை வயர்ஷார்க்கில் (பிடித்த தரவைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) திறந்து மூன்று விஷயம் தேடுங்கள்.

ஒன்று, பீக்கன். ரௌட்டர் தன் பெயரையும் பாதுகாப்பு வகையையும் நொடிக்குப் பத்து முறைபோல அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பெயரை மறைத்தாலும், உங்கள் ஃபோன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் போவதை நீங்களே பார்ப்பீர்கள். "எஸ்எஸ்ஐடியை (நெட்வொர்க்கின் பெயரை) மறை" என்ற அறிவுரையின் மதிப்பு அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு, மேக் முகவரி. அது எப்போதும் திறந்தபடியேதான் போகிறது. எனவே "எங்கள் ஆபீஸில் மேக் ஃபில்டர் போட்டிருக்கிறோம்" என்பது, அதாவது குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடுவது, பூட்டு ஆகாது. போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் முகவரி வைத்துக்கொள்கின்றன. அந்த ஃபில்டரால் தொல்லைப்படுவது ஊழியர்கள் மட்டும்தான்.

மூன்று, இணையும்போது கடவுச்சொல் தெரியுமா என்று ரௌட்டரும் ஃபோனும் ஒன்றையொன்று சரிபார்க்க நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றம். இதைப் பிடிக்க எந்தத் தாக்குதலும் தேவையில்லை. உங்கள் ஃபோனின் வைஃபையை அணைத்து மறுபடி போடுங்கள், வந்துவிடும். காணொளிகளில் வரும் டீஆத், அதாவது மற்றவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் வேலை, அவசியமே இல்லை. நெரிசலான குடியிருப்பில் ஒரு எழுத்து தவறினால் பக்கத்து வீட்டின் ஆன்லைன் வகுப்பு அறுந்துபோகும்.

5. உங்கள் கடவுச்சொல்லின் வயதைக் கணக்கிடுங்கள்

வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறைகளில் ஒன்றான டபிள்யூபிஏ2-வின் பலவீனம் எளிது. அந்த நான்கு செய்திகளைப் பிடித்துக்கொண்டு போனவர், ரௌட்டர் பக்கமே வராமல், தன் வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்பது மட்டும்தான் தடை.

கடவுச்சொல்லை ஊகிக்கும் கருவியான ஹேஷ்கேட்டில் வேகம் அளக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் நொடிக்குச் சில ஆயிரம் ஊகம் வரும். கேமிங்குக்கு வாங்கும் உயர்தரக் கார்டில் பத்து லட்சத்தைத் தாண்டும்.

நம் ஊரில் இணைப்பு கொடுக்க வரும் தம்பி என்ன கடவுச்சொல் வைத்துவிட்டுப் போவார்? உங்கள் மொபைல் எண். பத்து இலக்கம், நீளமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். எனவே மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் 4,000 நொடி. ஒரு மணி ஏழு நிமிடம். நொடிக்கு ஐயாயிரம் ஓடும் பழைய லேப்டாப்புக்குக்கூட ஒன்பது நாள் போதும். உங்கள் எண் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு நொடிகூட வேண்டாம் என்பது தனி.

இதைச் சோதனை ரௌட்டரில் செய்து பாருங்கள். முதலில் பெயரோடு 123 சேர்ந்த ஒன்று, பிறகு மொபைல் எண். காளியில் ராக்யூ என்ற பட்டியல் சுருக்கிய கோப்பாக வருகிறது, 2009-இல் கசிந்த ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள். விரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறைந்தவை வைஃபைக்குப் பொருந்தா, கருவியே தள்ளிவிடும்.

பிறகு இதைச் செய்யுங்கள். பகடையோ, கண்ணை மூடி அகராதியில் விரல் வைப்பதோ, ஏதோ ஒரு வழியில் தொடர்பில்லாத ஐந்து சொற்களை எடுங்கள். நீங்களாக யோசித்து எடுக்கக் கூடாது, யோசித்தால் பிள்ளைகள் பெயரும் குலதெய்வமும்தான் வரும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஐந்து என்றால், நொடிக்குப் பத்து லட்சம் வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஒன்பது லட்சம் ஆண்டு ஆகும். வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆனால் தமிழ் எழுத்தை ஏற்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், வீட்டுப் பெரியவர்களும் எளிதில் நினைவில் வைப்பார்கள்.

6. பூட்டும் வரிசை

வீட்டு ஓஎன்டியில் கை வைக்கும் முன்: ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். இணைய இணைப்புக்குள் நுழைய ஓஎன்டி பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் முதலில் சேவை நிறுவனத்திடமோ உள்ளூர் ஆபரேட்டரிடமோ எழுதி வாங்குங்கள். அமைப்புப் பக்கங்களை எல்லாம் படம் எடுங்கள். லேண்ட்லைன் அதே பெட்டியில் ஓடினால் அதன் அமைப்பும் அழியும். ஞாயிறு மாலை ரீசெட் செய்துவிட்டு, திங்கள் வரை இணையம் இல்லாமல் வீட்டில் எல்லோருடைய வாயிலும் விழ வேண்டாம்.

இனி வரிசை. முதலில் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்; வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. அடுத்து ஃபர்ம்வேர் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். 2017-இல் பாதுகாப்பு ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் வெளிக்கொண்டுவந்த கிராக் ஓட்டை டபிள்யூபிஏ2 நெறிமுறையிலேயே இருந்தது, அதை அடைத்ததெல்லாம் ஃபோன், ரௌட்டர் அப்டேட்கள்தான். அப்டேட் நின்றுபோன ரௌட்டரை எவ்வளவு நல்ல கடவுச்சொல்லும் காப்பாற்றாது.

பிறகு டபிள்யூபிஎஸ்-ஐ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு எண்ணைக் கொடுத்து இணையும் வசதியை, அணையுங்கள். எட்டு இலக்க எண் என்பார்கள். ஆனால் ரௌட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக அதிகபட்சம் 11,000 முயற்சி. உங்கள் ஐந்து சொற்களையும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியே வந்துவிடலாம். சில பழைய மாடல்களில் மெனுவில் அணைத்தாலும் அணையாது. பீக்கனைப் பிடித்துச் சரிபாருங்கள், நாலாம் படியில் கற்றது இங்கே உதவும்.

அடுத்தது டபிள்யூபிஏ2-க்குப் பின் வந்த டபிள்யூபிஏ3. இதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரௌட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய் உடைக்க முடியாது. இணைப்பைத் துண்டிக்கும் செய்தி போன்றவற்றைப் போலி செய்ய விடாத மேனேஜ்மென்ட் ஃபிரேம் பாதுகாப்பும் கட்டாயம் என்பதால் வெளியாளின் டீஆத் செல்லாது. சிக்கல் பழைய சாதனங்களில்: பிரின்டர், சிசிடிவி, ஸ்மார்ட் பிளக் பல இதில் இணையா. "டபிள்யூபிஏ2/3 கலவை" என்று ஒரு தேர்வு இருக்கும், எல்லோரும் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அதில் டபிள்யூபிஏ2 கதவு திறந்தபடிதான் இருக்கிறது, பிடித்துக்கொண்டு போய் ஊகிக்கும் வேலை தொடரும். நான் சொல்வது: பிரதான நெட்வொர்க் டபிள்யூபிஏ3 மட்டும், பழைய சாதனங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கில் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ், வேறு கடவுச்சொல். ஓஎன்டியில் இந்த வசதியெல்லாம் இல்லையென்றால் அதன் வைஃபையை அணைத்து, பின்னால் சொந்த ரௌட்டர் ஒன்றைப் போடுங்கள்.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். முடிந்தது.

கடவுச்சொல்லே வேண்டாம், வருகிறவர்கள் பயன்படுத்தட்டும் என்று திறந்து விடும் தாராள மனசுக்காரர்களுக்கு: 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவர் வீட்டு வைஃபை வழியாகப் போனது. விசாரணை வந்து நின்றது அவர் வாசலில்.

7. சின்ன அலுவலகம் என்றால்

இருபது பேருக்கு ஒரே கடவுச்சொல் என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போன அன்றே அது செத்துவிட்டது. ஆளுக்கொரு கணக்கு தரும் 802.1எக்ஸ் முறைக்குப் போங்கள். அந்தக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் இலவசம், பழைய டெஸ்க்டாப்பே சர்வராகப் போதும். ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றிய சோதனை ரௌட்டரோடு இதை அமைத்துப் பழக மூன்று நான்கு வாரம் வையுங்கள், இங்கேதான் நேரம் இழுக்கும்.

இதில் எல்லோரும் சறுக்குவது சான்றிதழில், அதாவது சர்வர் தான் அசல் என்று நிரூபிக்கும் கோப்பில். ஃபோனில் சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைக்காவிட்டால், அதே பெயரில் வாசலில் ஒரு போலி ரௌட்டர் வைத்தவரிடம் உங்கள் ஊழியர்களின் ஃபோன்கள் தாமாகவே போய் உள்நுழைவு விவரத்தை ஒப்படைக்கும். ஒவ்வொரு ஃபோனையும் கையில் வாங்கிச் சான்றிதழை நிறுவுங்கள். சான்றிதழ் காலாவதியாகும் தேதியை இரண்டு பேருடைய நாட்காட்டியில் எழுதுங்கள். அது தவறினால் ஒரு காலையில் மொத்த அலுவலகமும் இணையமில்லாமல் நிற்கும்.

8. சான்றிதழ் தேர்வு: இப்போதே வேண்டாம்

மூன்று மாதம் கழித்து யோசியுங்கள். அடிப்படைக்கு, ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் ஐஐடி கரக்பூரின் எத்திக்கல் ஹேக்கிங் பாடம் இருக்கிறது, படிக்கக் கட்டணம் இல்லை. வைஃபைக்கென்றே என்றால் சிடபிள்யூஎன்பி அமைப்பின் சிடபிள்யூஎன்ஏ தேர்வு (60 கேள்வி, 90 நிமிடம், 70 சதவீதம் தேவை), அதன் பிறகு பாதுகாப்புக்கான சிடபிள்யூஎஸ்பி. முன்னதை முடிக்காமல் பின்னது கிடைக்காது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். செய்முறைத் தேர்வு பிடிக்கும் என்றால் ஆஃப்செக் நிறுவனத்தின் ஓஎஸ்டபிள்யூபி: 3 மணி 45 நிமிடம் தேர்வு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை. அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகாதவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

கட்டணங்கள் டாலரில். உங்கள் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிடுங்கள், புதிய கார்டுகளில் அது மூடியே வரும். தேர்வுக்குப் பதியும்போது பெயரில் கவனம். நமக்கு இனிஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆதாரில் ஓர் எழுத்தாக நிற்கும். பியர்சன் வியூ போன்ற தேர்வு மையங்களில் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை முன்னால் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள்.